பர்ப்பிள் ஹார்ட்: வெயில் தரையை ஊதாவாக மூடும் செடி

புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகாது. வெறும் மண்ணாக விட்டால் புழுதி பறக்கும். சிமெண்ட் போட்டு மூடினால் வீட்டைச் சுற்றி அனல் அடிக்கும். தெற்கும் மேற்கும் பார்த்த இப்படிப்பட்ட வெயில் தரைக்கு நான் முதலில் சொல்வது பர்ப்பிள் ஹார்ட்தான். தண்டு, இலை, இலையின் அடிப்பக்கம் என்று எல்லாமே ஊதா. சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகப்பிலும் பார்த்திருப்பீர்கள்.

"வெச்சுட்டு மறந்துடலாம் சார்" என்று சொல்லித்தான் நர்சரிகளில் விற்கிறார்கள். சாகாது என்பது உண்மைதான். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, பார்க்க நன்றாக இருப்பது வேறு. மறந்துவிட்ட பாத்தியை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். நடுவில் காய்ந்த தண்டுகள், ஓரத்தில் நீண்டு வழியும் கொடிகள், நிழல் விழும் பக்கம் பச்சை கலந்த அழுக்கு நிறம். நிறத்தைத் தீர்மானிப்பது வெயிலும் அளவான தண்ணீரும். அடர்த்தியைத் தீர்மானிப்பது கத்தரிப்பு. இந்த இரண்டிலும் கவனம் வைத்தால் போதும், மற்றதையெல்லாம் செடி பார்த்துக்கொள்ளும்.

நர்சரியில் கேட்கும்போது பர்ப்பிள் ஹார்ட் என்றாலே எடுத்துத் தருவார்கள். பழைய நர்சரிக்காரர்களும் லேண்ட்ஸ்கேப் வேலை செய்பவர்களும் செட்கிரேசியா என்பார்கள். 1911இல் செட்கிரேசியா பாலிடா என்று பெயரிடப்பட்ட செடியை 1975இல் டிரடெஸ்கான்ஷியா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். வியாபாரத்தில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது. சொந்த ஊர் மெக்சிகோவின் கிழக்குக் கரை. தமாவுலிபாஸ் மாநிலத்திலிருந்து யுகத்தான் வரை இயற்கையாக வளர்கிறது. வெப்பமும் நீண்ட வறட்சியும் அதற்குப் பழக்கம். இலையின் மேல்தோல் செல்கள் பெரிதாக இருந்து தண்ணீரைச் சேமித்து வைக்கும். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தால் சாறு சொட்டுவதிலேயே அது தெரியும். சென்னை, மதுரை, திருநெல்வேலி வெயில் இதற்குப் பெரிய சோதனையே இல்லை. தேங்கும் தண்ணீர்தான் சோதனை.

நிறம் எங்கிருந்து வருகிறது

இலையின் வெளிப்புறச் செல்களில் சேரும் ஆந்தோசயனின் நிறமிதான் அந்த ஊதா. பச்சையம் இல்லாமல் இல்லை, உள்ளே மறைந்திருக்கிறது. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான் செடி இந்த நிறமியைச் சேர்க்கிறது. வெயில் குறைந்தால் அதற்கான தேவையும் குறைகிறது, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. நாளுக்கு 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் இருந்தால் நல்ல ஊதா. 3 மணி நேரம் என்றால் மேல் இலை மட்டும் ஊதா, கீழே பச்சை. அதற்கும் கீழே போனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு வெளுத்து, செடி வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்துவிடும். அப்படி ஆன செடிக்கு உரம் போட்டு எந்தப் பயனும் இல்லை.

தண்ணீரும் தழைச்சத்தும் கூடினாலும் இதே கதிதான். யூரியா போட்டாலோ, மாட்டுச் சாணக் கரைசலை வாரம் தவறாமல் ஊற்றினாலோ இலை அகலமாகும், தண்டு பருக்கும், ஆனால் நிறம் மங்கும். "நல்லா கவனிச்சுக்கிட்டேன், பச்சையாயிடுச்சு" என்று சொல்பவர்களின் பாத்தியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். மார்கழி, தை மாதங்களில், இரவு குளிர்ந்து பகலில் வெயிலும் இருக்கும்போது நிறம் மிக ஆழமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் சற்று வெளிறி இலை நுனி காயலாம். அது நோயல்ல, மழை வந்ததும் புது இலையில் சரியாகிவிடும்.

வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். பச்சை வலைக்கு அடியில் வைத்திருக்கும் பாக்கெட்டுகளில் இலை பெரிதாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவற்றைக் கொண்டுவந்து நேராக மே மாத வெயிலில் நட்டால் இலைகள் கருகி விழும். தண்டு பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு மாதம் வீண். வெயிலில் வைத்திருக்கும் குட்டையான, கணு நெருங்கிய பாக்கெட்டுகளையே எடுங்கள். பார்வைக்குச் சுமாராக இருந்தாலும் அவைதான் சீக்கிரம் பிடிக்கும்.

பாத்தி

இந்தச் செடியின் வேர் மேலாகவே ஓடும். 20 செ.மீ. ஆழம் கொத்தினால் போதும். ஆழத்தைவிட முக்கியம் களை. கோரையும் அருகும் இருக்கும் மண்ணில் அப்படியே நட்டால், பின்னால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. பர்ப்பிள் ஹார்ட்டின் தண்டு முறுக்கென்று ஒடியும் வகை. கோரையைப் பிடித்து இழுத்தால் கோரையின் இலை மட்டும் கையில் வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும், பக்கத்தில் நாலு தண்டு உடைந்திருக்கும். அதனால் கொத்தி, கிழங்குகளைப் பொறுக்கிய பிறகு, பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். மிச்சமிருந்த கோரை தலைநீட்டும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இந்த ஒரு மாதப் பொறுமை பின்னால் பல வருட வேலையை மிச்சப்படுத்தும். கோரை மிக அதிகமாக இருந்தால் அந்த இடத்துக்கு இந்தச் செடியை இப்போதைக்கு நினைக்காமல் இருப்பதே நல்லது.

மண் எதுவானாலும் பரவாயில்லை, நீர் இறங்க வேண்டும். செம்மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோ மட்கிய தொழு உரமோ இலை மட்கோ கலந்தால் போதும். களிமண், கரிசல் என்றால் அதோடு நான்கு பாண்டு ஆற்று மணலோ எம் சாண்டோ சேர்த்து, பாத்தியைச் சுற்றுத்தரையைவிட 10 முதல் 15 செ.மீ. உயர்த்துங்கள். புது வீடுகளில் கட்டட இடிபாடும் காய்ந்த சாந்தும் மண்ணோடு கலந்திருக்கும். பெரிய கட்டிகளைப் பொறுக்கினால் போதும், சிறு கற்களைச் செடி பொறுத்துக்கொள்ளும். பாத்தியின் ஓரத்தில் செங்கல்லோ கடப்பாக்கல்லோ பதித்து ஒரு வரம்பு வையுங்கள். செடியை உள்ளே நிறுத்த என்பதைவிட, கத்தரிக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதற்காக அது தேவைப்படும்.

ஆள் நடக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். புல்லைப்போல மிதித்தால் நிமிராது. ஒருமுறை மிதித்த தண்டு நசுங்கி, சாறு வழிந்து, இரண்டு நாளில் அந்த இடம் பழுப்பாகும். குழாயடிக்கோ மோட்டார் சுவிட்சுக்கோ போகும் வழி குறுக்கே வந்தால் முதலிலேயே நாலு கல் போட்டு நடைபாதை விட்டுவிடுங்கள்.

எத்தனை துண்டு, எப்படி நடுவது

எல்லாவற்றையும் பாக்கெட்டாக வாங்கத் தேவையில்லை. கணுவுள்ள எந்தத் துண்டும் வேர் விடும். கணக்கு இப்படி: 20 செ.மீ.க்கு ஒன்று என்று நட்டால் சதுர மீட்டருக்கு 25 துண்டுகள். 15 செ.மீ. என்றால் 44. 30 செ.மீ. என்றால் 11. முதல் கணக்குதான் என் பரிந்துரை. 15 செ.மீ.க்கு நட்டால் பாத்தி சீக்கிரம் மூடும், ஆனால் ஒரே வருடத்தில் நெரிசலாகி அடித்தண்டுகள் மொட்டையாகும். 30 செ.மீ.க்கு நட்டால் மூடுவதற்குள் களை புகுந்துவிடும்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். 12 சதுர மீட்டர், 300 துண்டுகள். அடர்ந்த ஒரு பாக்கெட்டில் 6 முதல் 10 துண்டுகள் எடுக்கலாம். ஆக 35, 40 பாக்கெட்டுகளில் முடிந்துவிடும். அவசரமில்லை என்றால் 10 பாக்கெட் வாங்கி, ஒரு ஓரத்தில் நாற்றங்காலாக நட்டு, மூன்று மாதம் கழித்து அதிலிருந்தே முழுப் பாத்திக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

துண்டு 12 முதல் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்களோடு இருக்கட்டும். நுனித் துண்டு சீக்கிரம் பிடிக்கும். நடுத் தண்டும் பிடிக்கும், ஆனால் துளிர்க்க ஒரு வாரம் கூடுதலாகும். கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமாக வெட்டி, கீழ் இரண்டு கணுக்களின் இலையை உரித்துவிடுங்கள். இலை தண்டை உறைபோலச் சுற்றியிருக்கும். அந்த உறையோடு புதைத்தால் அதற்குள் ஈரம் தங்கி அழுகல் அங்கேதான் தொடங்கும். வெட்டியதை நிழலில் மூன்று நான்கு மணி நேரம் பரப்பி வெட்டுவாய் காய்ந்த பிறகு, மாலையில் நடுங்கள். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி, சற்றுச் சாய்வாக வைத்து விரலால் அழுத்தி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் முடிந்தது. வேர் ஹார்மோன் பொடி எதுவும் வேண்டாம். 7 முதல் 10 நாளில் வேர் விடும். தண்ணீர்ப் பாட்டிலில் வைத்து வேர் விட்டபின் நடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தண்ணீரில் வரும் வேர் மெலிந்தது, மண்ணுக்கு மாற்றும்போது பாதி ஒடிந்துவிடும். நேராக மண்ணில் நடுவதில்தான் இழப்பு குறைவு.

நடவுக்கு ஏற்ற காலம் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. வெயில் சற்றுத் தணிந்திருக்கும், அவ்வப்போது மழையும் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அதைத் தவறவிட்டால் ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர், நவம்பரில் கடலோர மாவட்டங்களில் நடாதீர்கள். வேரில்லாத துண்டு நாள் கணக்கில் சேற்றில் கிடந்தால் அழுகத்தான் செய்யும்.

நட்டதும் இடைவெளியில் 3 செ.மீ. மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலைத் தூளோ, நிலக்கடலைத் தோலோ, உடைத்த தேங்காய் மட்டைத் துண்டோ எது கிடைத்தாலும் சரி. தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு விரல் தள்ளிப் பரப்புங்கள். செடி மூடிவிட்ட பிறகு மூடாக்கு தேவைப்படாது, அதன் இலையே மண்ணை மறைத்துவிடும்.

தண்ணீரும் உரமும்

முதல் பத்து நாள் தினமும் மாலையில் லேசாகத் தெளிக்க வேண்டும். அடுத்த மூன்று வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை. வேர் பிடித்தபின் வாரம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 10 லிட்டர். 10 லிட்டர் என்றால் பாத்தி முழுக்க 1 செ.மீ. ஆழம் நிற்கும் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் வாரம் இரண்டுமுறை கொடுக்கலாம். இலை மடிந்து சற்றுத் தொங்கினால் தாகம் என்று அர்த்தம். அந்த அறிகுறி வந்தபின் ஊற்றினாலும் அடுத்த நாள் காலை நிமிர்ந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதைவிட, காயவிட்டு நிறைய ஊற்றுவதுதான் இந்தச் செடிக்குப் பொருந்தும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனியில் பழுப்பு விளிம்பு வரும். ஓரளவுக்குத் தாங்கும். மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போகும்படி பாத்தி வடிந்தாலே பெரிய பாதிப்பு இருக்காது. அந்தத் தண்ணீரை இலைமேல் மட்டும் தெளிக்காதீர்கள். வெள்ளைத் திட்டுகள் படிந்து ஊதா நிறமே தெரியாமல் போகும்.

உரம் வருடத்துக்கு ஒருமுறை போதும். பெரிய கத்தரிப்பு முடிந்ததும் சதுர மீட்டருக்கு 2 கிலோ மண்புழு உரமோ நன்றாக மட்கிய தொழு உரமோ தண்டுகளுக்கிடையே தூவிவிடுங்கள்.

கத்தரிப்பது

பாத்தி பத்து வருடமும் நன்றாக இருப்பதா, ஒரே வருடத்தில் சீரழிவதா என்பதை முடிவு செய்யும் வேலை இது. பர்ப்பிள் ஹார்ட் தானாகக் கிளைக்கும் குணம் குறைந்த செடி. விட்டால் ஒவ்வொரு தண்டும் நுனியிலேயே நீண்டுகொண்டு போகும். 25, 30 செ.மீ. உயர்ந்ததும் பாரம் தாங்காமல் சாயும். சாய்ந்த தண்டின் அடி இலைகள் வெளிச்சமில்லாமல் காயும். மேலே அழகான ஊதாப் போர்வை தெரிந்தாலும் அடியில் பழுப்புக் குச்சிகளாகத்தான் இருக்கும். ஒரு பலத்த மழையில் அந்தப் போர்வை விலகிவிடும்.

நட்ட துண்டு 15 செ.மீ. வளர்ந்ததும் நுனியில் இரண்டு கணுவைக் கிள்ளிவிடுங்கள். கீழே இரண்டு மூன்று கிளைகள் வரும். அவை 15 செ.மீ. ஆனதும் மறுபடி ஒருமுறை கிள்ளுங்கள். இந்த இரண்டு கிள்ளலும் நடந்த பாத்தி மூன்று நான்கு மாதத்தில் மண் தெரியாமல் மூடும். கிள்ளியதை எறிய வேண்டாம், இடைவெளி இருக்கும் இடத்தில் குத்திவிடுங்கள்.

பிறகு வருடத்துக்கு ஒரு பெரிய கத்தரிப்பு. தரையிலிருந்து 8 செ.மீ. விட்டு, அதாவது இரண்டு மூன்று கணுக்கள் மிஞ்சும்படி, மொத்தப் பாத்தியையும் வெட்ட வேண்டும். மனம் வராது. ஆனால் மூன்று வாரத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுத் துளிர் வந்து, ஆறு எட்டு வாரத்தில் பாத்தி முன்பைவிடத் தாழ்வாக, அடர்த்தியாக, ஆழ்ந்த நிறத்தோடு நிற்கும். இதற்குச் சரியான நேரம் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முடிய. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதத்தில் வெட்டினால் அதுவரை நிழலில் இருந்த தண்டு திடீரென வெயிலைக் கண்டு வெந்துபோகும். அக்டோபரில் வெட்டினால் வெட்டுவாய் வழியே அழுகல் இறங்கும்.

முகப்புத் தோட்டம், மொட்டையாகத் தெரியக் கூடாது என்றால் பாதியை இப்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் வெட்டலாம். ஹெட்ஜ் கத்தரியைவிட, கையால் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக் கூர்மையான சிறு கத்தரியால் கணுவுக்கு மேலே வெட்டுவது நல்லது. ஹெட்ஜ் கத்தரி தண்டை நசுக்கும், பாதி இலைகளைக் குறுக்கே அறுக்கும், அறுபட்ட விளிம்புகள் எல்லாம் பழுப்பாகிப் பல வாரம் கண்ணை உறுத்தும்.

கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். நாய், பூனை அந்தப் பாத்தியில் புரண்டு வயிற்றுப்பக்கம் சிவந்து சொறிந்தால் முதலில் இந்தச் செடியைச் சந்தேகப்படுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கத்தரித்த பின்னும் நடுவில் துளிர் வராத வட்டங்கள் தோன்றும். அங்கே பழைய வேர்த்தூரைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கூடை தொழு உரம் கலந்து, அன்று வெட்டிய நுனித் துண்டுகளையே நட்டுவிட்டால் முழுப் பாத்தியையும் புதுப்பிக்கத் தேவையிராது.

மழைக்காலமும் பூச்சியும்

பர்ப்பிள் ஹார்ட்டை இழப்பவர்களில் பெரும்பாலானோர் நவம்பரில்தான் இழக்கிறார்கள். மண் மட்டத்தில் தண்டு பழுப்பாகி, கூழாகி, தொட்டால் கழன்று வரும். மேலே இலை இன்னும் ஊதாவாகவே இருக்கும். அதனால் கவனிக்கத் தாமதமாகிறது. தேங்கிய நீரில் வேருக்குக் காற்றில்லாமல் போவதும், அந்த நிலையில் மண்ணிலுள்ள பூஞ்சைகள் தாக்குவதும் சேர்ந்து நடக்கும் காரியம். மேலே நல்லதாக இருக்கும் நுனிகளை உடனே வெட்டித் தொட்டியில் நட்டுக் காப்பாற்றுங்கள். அழுகிய அடியை வேரோடு எடுத்துவிட்டு, தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மழை ஓய்ந்ததும் அந்த இடத்தை இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டு, 10 கிலோ தொழு உரத்துக்கு 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து சதுர மீட்டருக்கு 2 கிலோ போட்டு மறுபடி நடலாம். வடிகால் சரியில்லாமல் டிரைக்கோடெர்மா மட்டும் போட்டால் அடுத்த வருடமும் இதேதான் நடக்கும்.

பூச்சிகளில் முக்கியமானது மாவுப்பூச்சி. இலை தண்டைச் சுற்றும் அந்த உறைக்குள் வெள்ளைப் பஞ்சாக ஒளிந்திருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் அதுதான் முதல் அறிகுறி. கொஞ்சமாக இருந்தால் அந்தத் தண்டுகளை வெட்டி ஒரு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பரவியிருந்தால் பெரிய கத்தரிப்பையே செய்துவிடுவது எந்த மருந்தையும்விட வேகமான வழி. வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் லிட்டருக்கு 5 மி.லி., கரைய ஒன்றிரண்டு மி.லி. சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் மட்டும். இந்த இலைமேல் ஒரு மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கும். எண்ணெய் பட்டால் அது கரைந்து இலை திட்டுத்திட்டாகும், வெயிலில் கருகவும் செய்யும். முதலில் பத்து இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

மே மாதத்தில் இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் வந்தால் அது சிவப்புச் சிலந்திப் பூச்சி. இலையின் அடிப்பக்கம் படும்படி நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வாரம் இருமுறை கழுவினால் அடங்கும். மழைக்காலத்தில் நத்தைகள் இந்தப் போர்வைக்கு அடியில் ஈரம் தேடி ஒளிந்துகொண்டு, இரவில் பக்கத்துப் பாத்திச் செடிகளைத் தின்னும். டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் உறுதியான வழி. கையுறையோ குச்சியோ இல்லாமல் தொடாதீர்கள்.

நிழலுக்கு வேறு செடி

மாமரத்தடியிலும் வீட்டின் வடக்குப் பக்கத்திலும் பர்ப்பிள் ஹார்ட்டை வைத்துப் போராடாதீர்கள். அந்த இடத்துக்கு ஹெமிகிராஃபிஸ் இருக்கிறது. கேரளத்தில் முறிகூட்டி என்று காயத்துக்கு வைத்துக் கட்டும் செடி அது. மேலே சாம்பல் கலந்த ஊதாப் பளபளப்பு, அடியில் ஒயின் சிவப்பு, சிறு வெள்ளைப் பூ. 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும். 15 செ.மீ.க்கு ஒன்றாக நட்டு, வாரம் இருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். பர்ப்பிள் ஹார்ட் அளவுக்கு வறட்சி தாங்காது. நேர் வெயிலில் இலை சுருண்டு மங்கும். வெயில் முடியும் கோட்டில் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்கினால் ஒரே ஊதாத் தரை வெயிலிலிருந்து நிழலுக்குள் போவதுபோல் அமையும். தரை மூடும் செடிகளில் எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை இதுதான்.

ஊதா தனியாக இருந்தால் தூரத்திலிருந்து கருப்பாகத்தான் தெரியும், மாலையில் மறைந்தே போகும். பக்கத்தில் வெளிர் நிறம் ஒன்று வேண்டும். 40, 50 செ.மீ. உயரத்தில் வெட்டி நிறுத்திய மஞ்சள் இலை டுராண்டா வேலிச்செடி பின்னால் இருந்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும். கருஞ்சிவப்புச் செங்கல் சுவரை ஒட்டியோ, ஊதாச்சிவப்புக் காகிதப்பூவின் கீழோ வைத்தால் இரண்டுமே அமுங்கும். வெள்ளைக் காகிதப்பூ என்றால் பிரமாதம். வெள்ளை ரெயின் லில்லிக் கிழங்குகளைப் பாத்திக்குள் அங்கங்கே 5 செ.மீ. ஆழத்தில் புதைத்து, செடியை 15 செ.மீ.க்கு மேல் போகாமல் வைத்திருந்தால், மழை பெய்த சில நாளில் ஊதாவுக்கு நடுவே வெள்ளைப் பூக்கள் நீட்டிக்கொண்டு வரும். மஞ்சள் பூப் படர்செடியான வெடேலியாவை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் ஏறி மூடிவிடும்.

பர்ப்பிள் ஹார்ட்டுக்கும் பூ உண்டு. மூன்று இதழ், இளஞ்சிவப்பு, மஞ்சள் மகரந்தம். காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். அலங்காரத்துக்குப் பெரிதாகப் பயன்படாது, ஆனால் அறிவியலுக்குப் பயன்பட்டிருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் காற்று மாசை அளக்க இந்தச் செடியின் தொட்டிகளைச் சாலையோரம் வைத்து, மொட்டுக்குள் உருவாகும் மகரந்தச் செல்களில் ஏற்படும் சேதத்தை எண்ணுகிறார்கள். அவ்வளவு புகையிலும் அது தொடர்ந்து பூக்கிறது என்பதே சாலையோரத் தோட்டத்துக்கு நல்ல செய்தி.

வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று இதை வாங்குபவர்களும் உண்டு. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 2009இல் வெளியானது, 28 செடிகளைச் சோதித்ததில் இதுவும் ஹெமிகிராஃபிஸும் ஆவியாகும் ரசாயனங்களை உறிஞ்சுவதில் முன்வரிசையில் வந்தன. ஆனால் அது மூடிய கண்ணாடிச் சாடிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறந்த கூடத்தில் இரண்டு தொட்டி அப்படி வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, உள்ளே வைத்தால் இரண்டு மாதத்தில் பச்சையாகிவிடும்.

மாடியிலும் பால்கனியிலும் வைக்கலாம். 20 செ.மீ. தொட்டிக்கு ஐந்து துண்டுகள். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவை மட்டும் நம்பி நிரப்பினால் மழைக்காலத்தில் ஈரம் வடியாது. தொங்கு தொட்டியில் கொடிகள் 40 செ.மீ. தாண்டியதும் பாதியாக வெட்டிவிடுங்கள். காற்று அதிகமான மாடியில் நீண்ட கொடிகள் ஒடிந்து விழும்.

ஊட்டியில் உறைபனி விழும் இடங்களில் டிசம்பர், ஜனவரியில் மேல்பகுதி கருகிப்போகும். வேர் பிழைத்திருந்தால் பனி போனதும் துளிர்க்கும். அங்கே பெரிய கத்தரிப்பை மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள்.

வெட்டிய குப்பையை எங்கே போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு கணு மிஞ்சினாலும் முளைக்கும் செடி இது. ஏரிக்கரை, வாய்க்கால், காலிமனை என்று வீசினால் அங்கே பரவி நம் ஊர்ப் பூண்டுகளின் இடத்தைப் பிடிக்கும். உரக்குழியில் பச்சையாகப் போட்டால் குழியிலேயே வேர் விடும். சிமெண்ட் தரையில் பரப்பினாலும் தண்டிலுள்ள நீரை வைத்தே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கருப்புப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வாயைக் கட்டி மூன்று வாரம் கடும் வெயிலில் வைத்து, உள்ளே எல்லாம் பழுப்பாகிக் கூழானபிறகு உரக்குழியில் சேர்த்துவிடலாம்.